புயலுக்குப் பிறகு உதவப் போகும் இளைஞர்களுக்கு: உடனே கிளம்புவதா, பயிற்சி எடுப்பதா, மாதம் கழித்துப் போய்த் தங்குவதா, வீட்டிலிருந்தே செய்வதா?

ஒவ்வொரு நவம்பர், டிசம்பரிலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கல்லூரியில் படிப்பவர்கள், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்கள் கேட்கிறார்கள்: "அண்ணா, நாங்க எட்டுப் பேர் இருக்கோம். கொஞ்சம் காசும் சேர்ந்திருக்கு. இப்பவே கிளம்பிரலாமா, இல்ல ஏதாவது அமைப்போட சேர்ந்து போகலாமா?" கேட்கும்போதே வேன் பேசி முடித்திருப்பார்கள். நிதானமாக யோசிக்க அந்த நேரத்தில் முடியாது. மழை இல்லாத நாளில் படித்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளைஞர்களின் உழைப்பு முதல் வாரத்தில் போய்க் குவிகிறது. பாதிக்கப்பட்ட ஊருக்கு வெளியாள் உதவி உண்மையிலேயே தேவைப்படுவது மூன்றாவது வாரத்துக்கு மேல். டிவி கேமராக்கள் திரும்பிப் போயிருக்கும், லாரிகள் வருவது நின்றிருக்கும், வீட்டுக்குள் இன்னும் சேற்று வாடை அடித்துக்கொண்டிருக்கும். உங்களிடம் நான்கே நாள் லீவு இருக்கிறது என்றால், அதை எந்த வாரத்தில் செலவழிப்பது என்பதுதான் முதல் முடிவு.

## எதை வைத்து முடிவு செய்வது

யார் கூப்பிட்டார்கள்? அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளாவது இருந்து, "வாங்க, இது வேணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சங்கமாக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், உங்கள் விடுதித் தோழனின் அக்காவாகக்கூட இருக்கலாம்.

எத்தனை நாள், எந்த நாள்? இரண்டு நாள் தருபவர் செய்யக்கூடிய வேலையும், இரண்டு வாரம் தருபவர் செய்யக்கூடிய வேலையும் வேறு.

என்ன வேலை தெரியும்? ஐ.டி.ஐ.யில் வயரிங் படித்தவர், நர்சிங் மாணவி, லாரி ஓட்டத் தெரிந்தவர், தெளிவாக மனு எழுதத் தெரிந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. "எதுவானாலும் செய்வோம்" என்ற மனசு நல்லதுதான். ஆனால் ஊரில் இருப்பவர் அதைக் கேட்டு உங்களுக்கு ஒரு வேலையை ஒதுக்க முடியாது.

நம்மால் அவர்களுக்கு என்ன சுமை? குடிதண்ணீர், கழிப்பறை, தூங்க இடம், வண்டிக்கு டீசல். வெளியூரிலிருந்து போகும் எட்டுப் பேரும் இதையெல்லாம் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும்.

திரும்பி வந்த பிறகு என்ன? காய்ச்சல், தூக்கமின்மை, விட்டுப்போன தேர்வு எல்லாம் இதில் சேரும். வீட்டில் சொல்லாமல் கிளம்புகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை.

| வழி | எப்போது அதிகப் பயன் | குறைந்தது என்ன வேண்டும் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| உடனே கிளம்புவது | முதல் 3 நாள், பக்கத்து ஊரானால் | உள்ளூர்த் தொடர்பு, சொந்தச் சாப்பாடு, தண்ணீர் | தேவையில்லாத பொருள், விபத்து, எலிக்காய்ச்சல் |
| பயிற்சி பெற்று அமைப்பில் சேர்வது | அடுத்த பேரிடருக்கு | ஒன்றிரண்டு வாரப் பயிற்சி, பொறுமை | கூப்பிடும்வரை காத்திருப்பது |
| பிறகு போய்த் தங்குவது | 3ஆம் வாரம் முதல் ஒரு வருடம் வரை | தொடர்ந்து சில நாள், தங்க இடம் | லீவு, படிப்பு, மனச்சோர்வு |
| வீட்டிலிருந்தே செய்வது | முதல் நாளிலிருந்து | போன், நிதானம், கணக்கு வைக்கும் பழக்கம் | தூக்கம், தவறான தகவலின் பாரம் |

## முதல் வழி: நண்பர்களோடு உடனே கிளம்புவது

இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. முதல் சில மணி நேரத்தில் உயிரைக் காப்பாற்றுவது எப்போதும் அக்கம்பக்கத்து மனிதர்கள்தான். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் வெள்ளம் என்றால் அவர்கள் வந்து சேர நேரம் ஆகும். ரோடு அறுந்திருந்தால் இன்னும் ஆகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள்தான் தங்கள் கையிலிருந்ததை வைத்துச் சமைத்துப் போட்டார்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்து அடையாறு ஊருக்குள் புகுந்தபோதும், படகோடு வந்து இறங்கியவர்களில் மீனவர்கள் நிறையப் பேர். எந்தத் தெரு பள்ளம், எந்த வீட்டில் நடக்க முடியாத தாத்தா இருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அக்கம்பக்கத்தவர்கள்தான்.

ஆகவே நீங்கள் இருபது கிலோமீட்டருக்குள் இருந்து, அந்தத் தெருக்களும் தெரியும் என்றால், இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், போங்கள். நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கணக்கு மாறுகிறது.

முதல் செலவு, பொருள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வந்து குவிந்த பழைய துணி சாலையோரத்தில் மலையாகக் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அதை அப்புறப்படுத்துவதே ஒரு வேலையாகிப்போனது. எல்லாவற்றையும் இழந்து நிற்கும் ஒரு அம்மாவுக்கு, கிழிந்த சுடிதாரை நீட்டுவது உதவி ஆகாது. 2015இல் சென்னையில் ரொட்டியும் பிஸ்கட்டும் மீந்துபோன இடங்கள் உண்டு. அதே இடத்தில் நாப்கினும் கொசுவத்தியும் கிடைக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் எல்லோரும் கேட்டது தார்ப்பாய், மெழுகுவத்தி, அப்புறம் ஜெனரேட்டர். மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தொட்டி நிரப்பிக் கொடுத்த இளைஞர்கள் செய்தது பெரிய காரியம். அதைச் செய்ய முடிந்தது, என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டதால்.

இரண்டாவது செலவு, யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது. வெளியூர் வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். ரோட்டோரத்துக் குடும்பத்துக்கு மூன்று முறை அரிசி கிடைக்கும். உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி வாய்க்கால் கரையில் இருக்கும் குடியிருப்புக்கு ஒன்றும் போகாது. அந்தக் குடியிருப்பு பெரும்பாலும் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. சுனாமி நிவாரணத்தில் தலித், இருளர் குடும்பங்கள் விடுபட்டது அப்போதே பேசப்பட்ட விஷயம். படகும் வலையும் இழந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். மீன் சுமந்து விற்றவர்களும் கூலிக்குப் போனவர்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை. போகிற இடத்தில் "இதுக்கு உள்ளாற ஊரு இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே வண்டி சரியான இடத்துக்குத் திரும்பும்.

மூன்றாவது, உடம்பு. வெள்ளத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. வீடு கழுவப் போன தன்னார்வலர்களையும் டாக்சிசைக்ளின் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லி அரசு வற்புறுத்தியது. கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்து அந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தாலோ கண் சிவந்தாலோ, "வெள்ளத் தண்ணியில நின்னு வேலை செஞ்சேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று விடப்பட்டால் சிறுநீரகம் வரை போகும்.

சில வேலைகளை நீங்கள் தொடவே கூடாது. அறுந்து கிடக்கும் கம்பி, சாய்ந்து தொங்கும் மரம், ரசாயனம் கலந்த தண்ணீர் மூன்றும் அதில் சேரும். 2023இல் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் சரியான பாதுகாப்பு உடைகூட இல்லாமல் குவளையால் அள்ளிக்கொண்டிருந்ததை நாடே பார்த்தது. அது எந்தத் தன்னார்வலரும் செய்ய வேண்டிய வேலை இல்லை. அங்கே நீங்கள் செய்யக்கூடியது, சரியான கருவிகளோடு ஆட்களை இறக்கச் சொல்லிக் குரல் கொடுப்பது.

## இரண்டாம் வழி: பயிற்சி எடுத்து அமைப்பில் சேர்வது

கல்லூரியில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கதவு என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம். 1969இலிருந்து நடக்கிறது. வருடத்துக்கு 120 மணி நேரம் என்று இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். பல கல்லூரிகளில் அந்த முகாம் கோயில் வளாகம் கூட்டுவதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் திட்ட அலுவலர் மனம் வைத்தால், அந்த ஏழு நாளையும் பாதிக்கப்பட்ட ஒரு கிராமத்திலேயே போட முடியும். மாணவர்கள் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் இன்னும் நேரடியானது. 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்ற இலக்கோடு நடந்தது. 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 12 நாள் பயிற்சி. முதலுதவி, தண்ணீரில் மீட்பு, கயிறு கட்டுவது, கூட்டத்தைச் சமாளிப்பது என்று சொல்லித் தந்தார்கள். மீட்புக் கருவிகள் அடங்கிய பையும் காப்பீடும் கொடுத்தார்கள். என்.சி.சி., என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கென யுவ ஆப்த மித்ராவும் பின்னர் வந்தது. உங்கள் மாவட்டத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்று கலெக்டர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள்.

இந்த வழியின் பெரிய பலம், பொறுப்பு உங்கள் தலையில் மட்டும் இல்லை என்பது. எங்கே போக வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொல்ல ஆள் இருக்கும். அடிபட்டால் கேட்க ஒரு இடம் இருக்கும். வீட்டிலும் நிம்மதியாக அனுப்புவார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை.

செலவு, காத்திருப்பு. பயிற்சி முடித்துச் சான்றிதழோடு இருப்பவர்களைப் புயல் நேரத்தில் யாரும் கூப்பிடாமல் விடுவதும் நடக்கிறது. அந்த ஏமாற்றத்தில் பலர் விலகிவிடுகிறார்கள். அப்படிக் காத்திருப்பவர்கள் மழைக்காலம் தொடங்கும் முன்பே தங்கள் தாசில்தாரையும் கிராம நிர்வாக அலுவலரையும் போய்ப் பார்த்துப் பெயரையும் நம்பரையும் கொடுத்து வைப்பது நல்லது. அந்த நம்பர் கையில் இருந்தால் கூப்பிடுவார்கள். இந்த வருடப் புயலுக்கு இந்த வழி உதவாது என்பதையும் மனதில் வையுங்கள். இது அடுத்த புயலுக்கான முதலீடு.

## மூன்றாம் வழி: கூட்டம் கலைந்த பிறகு போய்த் தங்குவது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

கஜாவுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வீட்டு ஓட்டை மாற்றிவிடலாம், விழுந்த தென்னையை என்ன செய்வது? நெட்டை ரகத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். விழுந்த மரத்தை அப்படியே போட்டுவைத்தால் மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தையும் தின்றுவிடும். அறுத்து அப்புறப்படுத்தக் கூலி கொடுக்க வேண்டும். தோப்பே வருமானமாக இருந்தவரிடம் அந்தக் கூலிக்குப் பணம் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோதும் இதே நிலைமைதான். கஜாவின்போது வேதாரண்யத்தில் உப்பளம் முழுக்கச் சேறு படிந்து கிடந்தது. இவை எதுவும் மூன்று நாள் நிவாரணத்தில் தீர்கிற கஷ்டங்கள் இல்லை.

இந்தக் கட்டத்தில் வரும் இளைஞருக்கு மூன்று வேலைகள் காத்திருக்கின்றன. முதல் வேலை கை வேலை: மரம் அப்புறப்படுத்துவது, கிணறு இறைப்பது, வீடு கழுவுவது. வெள்ளச் சேறு ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வழித்து வெளியே தள்ளிவிட வேண்டும். காய்ந்தால் பாறையாக இறுகிவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில்தான் அது காய்ந்துபோய்க் கிடக்கும். பின்கட்டிலிருந்து தொடங்கி வாசலை நோக்கி வர வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலும் ஈரம் ஏறியிருக்கும் என்பதால், எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை யாரும் மெயினைப் போடக் கூடாது.

இரண்டாவது, காகித வேலை. நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், பள்ளி வராந்தாவில் பெஞ்சு போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் ஒரு அப்பாயி பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே பட்டா, ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "தம்பி, இதுல எதுடா பட்டா? பிரிச்சா கிழிஞ்சிரும்னு பயமா இருக்கு" என்றார். அங்கிருந்த ஒரு பெண் அதை அவசரப்பட்டுப் பிரிக்காமல், தாள் தாளாக மெதுவாக நீக்கி, நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, வெயில் படாத நிழலில் காயவைத்தார். மதியத்துக்குள் சர்வே நம்பர் படிக்க முடிந்தது. அந்த நம்பரோடு மனு போனது. நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள், வீடு வேறொருவர் பெயரில் இருப்பவர்கள், குத்தகைக்குச் சாகுபடி செய்ததால் அடங்கலில் (கிராமச் சாகுபடிப் பதிவேட்டில்) பெயர் வராதவர்கள், இவர்களுக்கெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, அடுத்த வாரம் திரும்பவும் போய்க் கேட்கிற ஒரு ஆள் வேண்டும். அதற்குப் படித்த பிள்ளைகள்தான் சரி.

மூன்றாவது, குழந்தைகள். நம் புயல்கள் நவம்பர், டிசம்பரில் வருகின்றன, பொதுத்தேர்வு மார்ச்சில். புத்தகம் போய்விட்ட, ஒரு மாதம் வகுப்பு நடக்காத, வீட்டில் கரண்ட் இல்லாத பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மாலை இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லித் தருவது, அரிசி மூட்டை கொடுப்பதற்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை.

செலவு இங்கே உங்களுடையது. லீவு போகும், செமஸ்டர் இடிக்கும். பாராட்ட யாரும் இருக்க மாட்டார்கள். ஒரே துக்கத்தைப் பத்து வீட்டில் பத்து முறை கேட்க வேண்டியிருக்கும். ராத்திரி தூக்கம் வராது. குழுவாகப் போய், தினமும் ராத்திரி உட்கார்ந்து பேசிவிட்டுப் படுப்பவர்கள் தாங்குகிறார்கள். தனியாகப் போய்த் தங்காதீர்கள். தங்குவதும் உள்ளூரில் பல வருடமாக வேலை செய்யும் அமைப்பின் கீழ் இருக்கட்டும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில், 2005 ஜனவரி தொடக்கத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கென ஒரு ஒருங்கிணைப்பு மையம் அமைக்கப்பட்டது. யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், எங்கே என்ன குறைகிறது என்று ஒரே இடத்தில் தெரிந்ததால்தான் பல வேலைகள் இரட்டிப்பாகாமல் தப்பின.

நீண்ட நாள் நிற்பதில் ஒரு பலன் உண்டு. பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள் கஜாவுக்குப் பிறகு நிவாரணத்தோடு நிற்காமல், கைஃபா என்ற விவசாயிகள் அமைப்பாகச் சேர்ந்து, 2019இல் ஐந்நூறு ஏக்கருக்கும் மேல் விரிந்த பெரியகுளத்தைத் தூர்வாரும் வேலையில் இறங்கினார்கள். ஆற்றுப் பாசனத்தின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊருக்குத் தண்ணீர்தான் வாழ்வு என்று தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது. மூன்று நாளில் திரும்பிப் போனவர்களுக்கு அந்த யோசனை வந்திருக்க வழியில்லை.

## நான்காம் வழி: வீட்டிலிருந்தே

சென்னையில் 2015இலும் கேரளத்தில் 2018இலும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கான உதவிக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மீட்புக் குழுக்களுக்கு அனுப்பினார்கள். இந்த வேலையில் ஒரே ஒரு ஒழுக்கம் முக்கியம்: பகிரும் முன் அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பேசுவது. எப்போது பேசினோம் என்ற நேரத்தைப் பக்கத்தில் எழுதுவது. ஆள் மீட்கப்பட்டதும் "முடிந்தது" என்று குறிப்பது. இல்லாவிட்டால், முந்தின நாளே பத்திரமாகப் போய்விட்ட கர்ப்பிணியைத் தேடி மறுநாள் ஒரு படகு போகும்; அந்த நேரத்தில் வேறொரு மாடியில் உண்மையாகவே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 என்பதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

பணம் திரட்டுவதும் இதில்தான் வரும். எட்டுப் பேர் வேனுக்கும் டீசலுக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் செலவழிப்பதை அப்படியே அனுப்பினால், அந்தப் பகுதிக் கடையிலேயே பொருள் வாங்கலாம். வெள்ளத்தில் சரக்கு போன ஏரல் மாதிரியான ஊர்களில் வியாபாரிகளும் பாதிக்கப்பட்டவர்கள்தான். கடை திரும்ப எழ அந்தப் பணம் உதவும். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வரிவிலக்கும் உண்டு. நண்பர்களிடம் வசூலித்தால் வரவு, செலவு, பில் மூன்றையும் வாரத்துக்குள் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

"நேர்ல போகாம இது என்ன உதவி" என்ற உறுத்தல் இந்த வழியில் இருப்பவர்களை அரிக்கும். அது வேண்டாத உறுத்தல். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் போனை எடுத்தவரும் களத்தில் இருந்தவர்தான்.

## உங்கள் நிலைமைக்கு எது சரி

சொந்த ஊரோ பக்கத்து ஊரோ பாதிக்கப்பட்டிருந்தால் முதல் வழி. வெளியூரில் ஐந்து நாள் லீவோடு இருக்கும் ஐ.டி. ஊழியர், இன்று பணமும் போனும். லீவு, மூன்றாவது வாரத்துக்கு. முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இந்த வருடமே பயிற்சியில் பெயர் கொடுக்கலாம். இறுதியாண்டில் இருப்பவர்கள் தேர்வை விட்டுவிட்டுப் போக வேண்டாம், மே மாதத்திலும் அந்த ஊரில் வேலை இருக்கும். நர்சிங், ஐ.டி.ஐ. படிப்பவர்கள் ஆசிரியரோடு சேர்ந்து குழுவாகப் போனால் முதல் வாரத்திலும் பயன்படுவார்கள். வயரிங் தெரிந்த பத்துப் பையன்களை எந்த ஊரும் வேண்டாம் என்று சொல்லாது. குழுவில் பெண்கள் இருப்பது எந்த வழிக்கும் பலம், ஏனென்றால் முகாமில் இருக்கும் பெண்கள் நாப்கின் வேண்டும், குளிக்க மறைப்பு வேண்டும் என்பதை ஆண்களிடம் சொல்வதில்லை. அவர்கள் தங்கக் கதவுள்ள கழிப்பறையோடு இடம் இருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன்பே உறுதி செய்யுங்கள்.

உங்கள் வீடே மூழ்கியிருந்தால், முதலில் உங்கள் அம்மா அப்பாவைப் பாருங்கள். அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

எந்த வழியானாலும், கிளம்பும் முன் அந்த ஊரில் ஒருவருக்குப் போன் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள். இப்போது எது குறைகிறது? எது ஏற்கெனவே மீந்து கிடக்கிறது? யாருக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை? நாங்கள் எத்தனை பேர், எப்போது வந்தால் உங்களுக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்கும்? "இப்ப வேணாம் தம்பி, கூட்டம் அதிகமா இருக்கு, பொங்கல் முடிஞ்சு வாங்க" என்று பதில் வந்தால் லீவை மாற்றிப் போடுங்கள். ஜனவரிக் கடைசியில் போனால் பொதுத்தேர்வுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். தோப்பில் பாதி மரம் இன்னும் அறுக்கப்படாமல் கிடக்கும். நிராகரிக்கப்பட்ட மனுக்களும் அதற்குள் திரும்பி வந்திருக்கும்.